சபத்தினி, மாற்றாள், சக்களத்தி: இந்திய நாடக மரபில் மூவர் காதல்

முக்கோணக் காதல் என்னும் தொடர் இன்று நாவல் திறனாய்விலும் திரைப்பட விமரிசனத்திலும் தங்குதடையின்றி வழங்குகிறது. ஆங்கிலத் தொடரொன்றன் நேர்பெயர்ப்பாகிய இதனை வடமொழி நாடகங்களுக்கு முன்னுரை எழுதுவோரும் தயக்கமின்றிக் கையாள்கின்றனர். முக்கோணம் என்று சொன்ன அளவில், மூன்று முனைகளும் ஒத்த நிலையின என்றும், மூவரும் தத்தம் விருப்பப்படி தேர்ந்துகொள்ளும் உரிமை உடையர் என்றும், இறுதியில் ஒருவர் விலகியே தீரவேண்டும் என்றும் ஓர் எண்ணம் உடன்வந்து விடுகிறது. பழைய இந்திய நாடகங்களில் காணப்படும் மூவர் காதல் பெரும்பாலும் இத்தன்மையதன்று. அது ஒரே மனையில், முன்னவள் பின்னவள் என்னும் வரிசைக்குள் நிகழ்வது. அதன் முடிவும் ஒருவர் வெளியேறுவதன்று; முன்னவள் தானே பின்னவளின் கைப்பற்றிக் கணவனுக்குக் கொடுப்பது. இக்கொடையே அந்நாடகங்களின் முடிச்சவிழ்ப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய எழுத்தாளர்கள் இதே முடிச்சை மீண்டும் எடுத்தபோது கொடை எஞ்சியது, அவிழ்ப்பு எஞ்சவில்லை. இம்மாற்றத்தின் வரலாற்றையும், அதனைச் சுமந்துவந்த சொற்களை மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் வகையினையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொல்லும் அதன் கிளைகளும்

மூவர் காதலில் வரும் இரு பெண்டிர் ஒருவர்க்கொருவர் என்ன உறவினர் என்பதைக் குறிக்கும் மிகப் பழைய இந்தியச் சொல் 'சபத்னீ' என்பது. 'ஒரே பதியை உடையவள்' என்பது அதன் சொற்பொருள். இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்து 145ஆம் பாடல், மண்ணிலிருந்து மூலிகை ஒன்றை அகழ்ந்தெடுத்து அதன் வலியால் சபத்தினியை அகற்ற முயலும் பெண்ணின் மந்திரமாக அமைந்துள்ளது. அதே மண்டலத்து 159ஆம் பாடல் சபத்தினியரை வென்றுவிட்ட ஒருத்தியின் பெருமிதக் கூற்று. பாணினியும் இச்சொல்லைத் தனியே கருதி, 'சபத்னீ முதலியவற்றில்' இவ்வடிவம் கட்டாயம் வரும் என நூற்பா (4.1.35) செய்துள்ளார். அந்நூற்பாவின் முதற்சான்றாகச் சபத்தினி நிற்பது, அச்சொல் அக்காலப் பேச்சில் எவ்வளவு பயின்றிருந்தது என்பதைக் காட்டும்.

மொழியியலார் இதனினும் கருதத்தக்கது ஒன்று உண்டு. பகைவன் என்னும் பொருளில் வடமொழியில் வழங்கும் 'சபத்ன' என்னும் ஆண்பாற் சொல், பெண்பாற் சொல்லாகிய சபத்னீ என்பதிலிருந்தே பின்னர் ஆக்கப்பட்டது. ஆண்பாலிலிருந்து பெண்பால் பிறப்பதே பெருவழக்காயிருக்க, இங்கே அது தலைகீழாக நிகழ்ந்துள்ளது. போர்க்களத்துப் பகைவனுக்குப் பெயர், மனைக்குள் இருந்த பகையிலிருந்து கிடைத்தது! தமிழிலும் மாற்றான் பகைவன்; மாற்றாள் ஒரே கணவனை உடைய மற்றவள். இங்கே ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. இரண்டும் மாற்று என்னும் அடியினின்று தனித்தனியே கிளைத்தவை. ஆயினும் இரு வேறு மொழிக்குடும்பங்கள் ஒரே இணைப்பைக் கண்டிருப்பது தற்செயல் என்று தள்ளத்தக்கதன்று.

வடமொழி நாடகங்களில் பெண்பாத்திரங்கள் பெரும்பாலும் பிராகிருதம் பேசுவர். எனவே அரசனின் வாயில் சபத்னீ என்றிருப்பது அரசியின் வாயில் 'சவத்தீ' என்றாகும். இந்தியில் சௌத், சௌதன் எனவும், மராத்தியில் சவத் எனவும், வங்காளியில் சதீன் எனவும் இன்று வழங்கும் வடிவங்கள் இப்பிராகிருத வழியில் வந்தவை. தெலுங்கும் கன்னடமும் 'சவதி' என இதனைக் கடன்கொண்டன. அந்த மனையில் பிறந்த பிள்ளைகளுக்கும் இச்சொல்லின் நிழல் நீள்கிறது. தெலுங்கில் மாற்றாந்தாய் 'சவதி தல்லி'. இந்தியில் அவ்வழி உறவு அனைத்தும் 'சௌதேலா'. தமிழின் மாற்றாந்தாயும் இவ்வரிசையினளே.

சக்களத்தி என்பது வேறு வழியில் வந்தது. மனைவியைக் குறிக்கும் 'களத்திரம்' என்பதன் முன் 'சக' சேர்ந்து திரிந்த வடிவமாக அகராதியார் இதனைக் கொள்வர். பிறப்பால் இது பகை சுட்டாத சொல். உடன்மனைவி என்பதே பொருள். வழக்கிலோ தெருச்சண்டைக்குரிய சொல்லாகிவிட்டது. ஆகவே காளிதாசனின் அரசியை மொழிபெயர்ப்பவர் சக்களத்தி என்று எழுதினால் அரண்மனை குழாயடியாகிவிடுகிறது. சபத்தினி என்றெழுதினால் வாசகர்க்குச் சுடுவதில்லை. மாற்றாள் என்பது பொருந்தும், ஆனால் அது இன்று பேச்சினின்று அகன்றுவிட்டது.

கைப்பற்றிக் கொடுத்தல்

காளிதாசனின் மாளவிகாக்னிமித்திரத்தில் அரசன் ஒருவனுக்குப் பெண்டிர் மூவர். பட்டத்தரசி தாரிணி, இளைய அரசி இராவதி, தாரிணியின் பணிப்பெண்ணாக நாட்டியம் பயிலும் மாளவிகை. இராவதி மேகலையை வீசி அரசனை அடிக்க ஓங்குகிறாள். தாரிணி மாளவிகையை நிலவறையில் அடைக்கிறாள். இவ்வளவும் நகைச்சுவை மிளிர நடக்கின்றன. முடிவில் மைந்தன் வசுமித்திரனின் வெற்றிச் செய்தி வந்த மகிழ்ச்சியில், விதர்ப்ப நாட்டு அரசகுமாரி என அறியப்பட்ட மாளவிகையைத் தாரிணியே அரசனுக்கு அளிக்கிறாள். அங்கிருக்கும் துறவுப்பெண் கௌசிகி, பேராறுகள் பிற ஆறுகளையும் தம்மொடு கூட்டிக் கடல் சேர்ப்பதுபோல் நன்மனையாட்டியர் கணவனுக்குத் தொண்டு செய்வர் என்று பாராட்டுகிறாள். பாராட்டும் அவ்விடத்திலும் மாற்றாளைக் குறிக்க அவள் ஆளும் சொல் 'பிரதிபட்சம்', அதாவது எதிர்த்தரப்பு. உவமை இணக்கத்தைச் சொல்ல, சொல் பூசலை மறவாதிருக்கிறது. மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்ந்துபோவது இத்தகைய சொல்லே.

ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷர் இயற்றிய இரத்தினாவளி இவ்வமைப்பின் முழுமையான வடிவம். சிங்கள நாட்டு இளவரசி கப்பல் உடைந்து தப்பி, சாகரிகை என்னும் பெயரில் வத்த நாட்டரசி வாசவதத்தையின் பணிப்பெண்ணாகிறாள். அரசன் உதயணன் அவள்மேல் காதல் கொள்கிறான். சாகரிகை அரசியின் வேடத்தில் வந்து அரசனைச் சந்திப்பதாக ஏற்பாடு. அவ்விடத்துக்கு உண்மையான அரசியே வந்துவிட, சாகரிகை என்றெண்ணிய அரசன் தன் காதலையெல்லாம் மனைவியிடமே கொட்டிவிடுகிறான். அரங்கில் இக்காட்சி சிரிப்பை எழுப்புவது. வாசவதத்தையின் நிலையில் நின்று நோக்கினால் இதனினும் கொடிய காட்சி அந்நாடகத்தில் இல்லை. சாகரிகை சிறைப்படுகிறாள், பின்னர் இரத்தின மாலையால் அடையாளம் காணப்படுகிறாள். அவள் தன் மாமன் மகள் எனத் தெரிந்ததும் வாசவதத்தை தன் அணிகளை அவளுக்குப் பூட்டி, தங்கை என விளித்து, அரசனிடம் ஒப்படைக்கிறாள். பணிப்பெண்ணாய் இருந்தவரை தண்டிக்கத்தக்கவள். இளவரசி என்றானதும் தங்கை. மாறியது காதலன்று, குடிப்பிறப்பு பற்றிய செய்தியே.

இதே உதயணன் கதையைத் தமிழில் கொங்குவேளிர் பெருங்கதையாகப் பாடினார். உ. வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்த அந்நூலில் சாகரிகையின் இடத்தில் நிற்பவள் கோசல இளவரசியாகிய மானனீகை. இவளும் வாசவதத்தையிடம் பணிபுரிபவள். அரசிக்கு ஒப்பனை செய்பவள். உதயணன் வாசவதத்தையின் முகத்தில் ஒப்பனை செய்வான்போல் யவன மொழியில் தன் காதற்செய்தியை எழுதியனுப்ப, மானனீகை அதனைப் படித்துவிட்டு மறுமொழியையும் அம்முகத்திலேயே எழுதியனுப்புகிறாள். மனைவியின் முகமே மடல்; அதைச் சுமந்து செல்பவளுக்கு மட்டும் எழுத்துத் தெரியாது. மூவர் உறவில் அறியாதிருப்பவளின் நிலையை இதனினும் சுருங்கச் சொன்ன நிகழ்ச்சி இந்திய இலக்கியத்தில் அரிது என்பது என் கருத்து. செய்தி வெளிப்பட்டபோது வாசவதத்தை சினந்து மானனீகையின் கூந்தலைக் களைய ஆணையிடுகிறாள். பின்னர் அவள் தங்கை முறையினள் என்று ஓலை வழி அறிந்து, மணமும் செய்துவைக்கிறாள். முடிச்சு வேறு, அவிழ்ப்பு அதே கொடை.

பாசனுடையதாகக் கருதப்படும் சொப்பனவாசவதத்தம் இம்மரபுக்குள் இருந்துகொண்டே அதனை உள்ளிருந்து நோக்குகிறது. த. கணபதி சாஸ்திரியார் 1912இல் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் வெளியிடும்வரை இந்நாடகத்தின் பெயர் மட்டுமே பலர்க்கும் தெரிந்திருந்தது. நாட்டை மீட்க மகத மன்னனின் துணை வேண்டும் என்பதற்காக, வாசவதத்தை தீயில் மாண்டாள் என்று அமைச்சன் யௌகந்தராயணன் பொய்ச்செய்தி பரப்புகிறான். அவளோ ஆவந்திகை என்னும் பெயரில் மகத இளவரசி பதுமாவதியின் அடைக்கலத்தில் இருக்கிறாள். அப்பதுமாவதிக்கும் தன் கணவனுக்கும் நடக்கும் திருமணத்துக்கு மாலை தொடுக்கும் பணி அவளுக்கே வருகிறது. கொண்டுவந்த தழைகளில் ஒன்று கைம்மை வாராமற் காப்பது. அதனை விரும்பித் தொடுக்கிறாள். மற்றொன்று 'சபத்னீமர்தனம்', மாற்றாளை நசுக்குவது. அதனை ஒதுக்கிவிடுகிறாள். ஏனென்று பணிப்பெண் வினவ, அவன் மனைவிதான் இறந்துவிட்டாளே, இது எதற்கு என்கிறாள். இருக்கு வேதப் பெண் மாற்றாளை ஒழிக்கத் தேடி அகழ்ந்த மூலிகை இங்கே மாற்றாளின் கைக்கே வந்து சேர்கிறது. நசுக்கப்படவேண்டியவள் தானே என்பதும் அவளுக்குத் தெரியும்.

இப்பெயரை மொழிபெயர்ப்பது எளிதன்று. 'போட்டியாளரை அழிக்கும் செடி' என்று சிலர் பொதுப்படப் பெயர்ப்பது இயல்பு. அவ்வாறு பெயர்த்தால் காட்சி செத்துவிடும்; போட்டியாளர் எவரும் ஆகலாம், சபத்தினி ஒருத்தியே ஆகமுடியும். தமிழில் 'மாற்றாள் கொல்லி' என்று ஒரு பச்சிலைப் பெயர்போல ஆக்கிக்கொள்வது ஒரு வழி. சிறியாநங்கை, ஆடுதீண்டாப்பாளை போன்ற பெயர்களோடு வளர்ந்த காதுக்கு அது அயலாக ஒலியாது.

கொடுக்கும் மரபுக்கு உட்படாத நாடகமும் உண்டு. மிருச்சகடிகத்தில் சாருதத்தனின் மனைவி தூதை எவரையும் எவருக்கும் கொடுப்பதில்லை. கணிகை வசந்தசேனைக்கு 'வதூ' என்னும் குலமகள் நிலையை வழங்குவது புதிய அரசன் ஆரியகன். இரு பெண்டிரும் ஒருவரையொருவர் உடன்பிறந்தாள் என்றே குறிக்கின்றனர். இங்கே தடை பொறாமையன்று, குலம். எனவே விடையும் அரசாணையாக வருகிறது.

இலக்கணநூலார் இப்பூசலை எவ்வாறு கண்டனர் என்பதையும் ஈண்டு ஒரு சொல்லால் சுட்டலாம். கணவன் பிறளிடம் சென்று மீண்டதறிந்து சினப்பவளைக் 'கண்டிதை' என்று நாட்டிய நூல் வகைப்படுத்தியது. தசரூபகம் அச்சினத்தைப் பிரிவுச் சுவையின் ஒரு கூறாக்கி 'ஈரிஷ்யாமானம்' என்றது. இரண்டிலும் மற்றவள் காரணம் மட்டுமே, பேசுபவள் அல்லள். தமிழ் மருதத்திணை ஊடலை இதே போல் இருவர் இடையே வைத்தாலும், பரத்தை கூற்று எனத் தனிக்கூற்றும் வகுத்தது. குறுந்தொகை 8ஆம் பாடல் அவ்வகையது. மூன்றாமவள் தன் வாயால் தன் வழக்கை உரைக்கும் இடம் இந்திய மரபில் இவ்வளவு தொன்மையாக வேறெங்கும் எளிதிற் கிடைப்பதில்லை.

பெல்காச்சியா அரங்கில்

1858 ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவை அடுத்த பெல்காச்சியாவில், பாய்க்பாடா அரசர்களின் தனியரங்கில் இரத்தினாவளி வங்காளியில் அரங்கேறியது. பெயர்த்தவர் இராமநாராயண் தர்க்கரத்தினர். அழைக்கப்பெற்ற ஐரோப்பியர்க்குக் கதை விளங்கவேண்டும் என்பதற்காக அதனை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணி மைக்கேல் மதுசூதன தத்தரிடம் ஒப்படைக்கப்பட்டது. அம்மொழிபெயர்ப்பு வேலையே அவரை நாடகாசிரியராக்கியது. இதற்கு இத்தனை பொருட்செலவா என்ற அதிருப்தியோடு அவர் அடுத்த ஆண்டே (1859) 'சர்மிஷ்டா' எழுதி, அதனைத் தாமே ஆங்கிலத்திலும் ஆக்கினார்.

அவர் தேர்ந்த கதையைக் கூர்ந்து நோக்கின் அது இரத்தினாவளியின் மறுபுறம் எனத் தோன்றும். அரசன், அரசி, அரசிக்குப் பணிபுரியும் இளவரசி: அதே மூவர். ஆனால் சாகரிகையின் பிறப்பு மறைந்திருந்தது. சர்மிஷ்டை அசுரவேந்தன் விருஷபர்வனின் மகள் என்பது அனைவரும் அறிந்தது. தேவயானியைக் கிணற்றில் தள்ளிய குற்றத்துக்காக அவள் பணிப்பெண்ணாக்கப்பட்டவள். ஆகவே 'இவள் இன்னாள்' என்று கண்டுகொள்வதால் இங்கே எதுவும் தீராது. மகாபாரதத்தில் சர்மிஷ்டை யயாதியிடம், தோழியின் கணவன் தன் கணவனுக்கும் ஒப்பாவான் என்று வாதிடுகிறாள். பணிப்பெண் நீதிநூல் பேசி உரிமை கோருகிறாள், அரசி கொடுக்கவில்லை, தந்தையிடம் முறையிட்டுக் கணவனுக்கு மூப்பைச் சாபமாகப் பெற்றுத்தருகிறாள். கைப்பற்றிக் கொடுத்தலுக்கு இடமில்லாத ஒரு கதை வேண்டியிருந்த காலத்தில் மதுசூதனர் அதனைச் சரியாகவே கண்டெடுத்தார் எனலாம்.

காலம் என்று சொல்லுமிடத்து அக்காலத்துப் பொதுவிவாதத்தைக் கருதவேண்டும். கைம்பெண் மறுமணச் சட்டம் 1856இல் நிறைவேறியது. ஈசுவரசந்திர வித்யாசாகர் பலதார மணத்தை எதிர்த்து 1871இலும் 1873இலும் நூல்கள் வெளியிட்டார். இரத்தினாவளியைப் பெயர்த்த அதே இராமநாராயணர் 1866இல் பலதார மணத்தின் கேடுகளைக் காட்டும் 'நவநாடகம்' எழுதினார். ஒரே கை எட்டாண்டுகளுக்குள் சபத்தினி நாடகத்தை அணிசெய்து தந்தது. சதீன் நாடகத்தால் அதனை மறுத்தது. தீனபந்து மித்திரரின் 'ஜாமாய் பாரிக்' (1872) இரு மனைவியர் பூசலை அங்கதமாக்கியது. சேஞ்சுதி நோன்பில் வங்காளச் சிறுமியர் தமக்குச் சதீன் வாய்க்கக்கூடாதென வேண்டிக்கொண்டிருந்த காலமும் அதுவே.

இச்சூழலில்தான் பங்கிம் சந்திரரின் 'விஷவிருட்சம்' (1873) வெளிவந்தது. நாவலேயாயினும் அதன் நடுமுடிச்சு நாடக மரபிலிருந்து வந்தது. நகேந்திரன் தன் வீட்டில் அடைக்கலம் பெற்ற இளங்கைம்பெண் குந்தநந்தினியைக் காதலிக்கிறான். மனைவி சூரியமுகி, தாரிணியும் வாசவதத்தையும் செய்ததையே செய்கிறாள். தானே முன்னின்று மணம் முடித்துவைக்கிறாள். கைம்பெண் மணத்தைப் பரிந்துரைத்த வித்யாசாகரைத் தன் மடலில் ஏளனம் செய்தவளும் அவளே. பழைய நாடகம் இங்கே திரைவிழ முடிந்திருக்கும். பங்கிமோ இதற்குப் பிறகுதான் கதையைத் தொடங்குகிறார். கொடுத்தவள் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். கணவன் கழிவிரக்கம் கொள்கிறான். அவள் மீண்டு வர, கொடுக்கப்பட்டவள் நஞ்சுண்டு மடிகிறாள். ஈராயிரம் ஆண்டு மரபில் முதன்முறையாக, கொடுத்த கைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கப்பட்டது. அக்கேள்விக்கு விடையாகக் குந்தநந்தினியைக் கொன்றது பங்கிமின் அச்சத்தையே காட்டுகிறது என்பேன். முக்கோணம் என்னும் தொடர் உண்மையிலேயே பொருந்தத் தொடங்குவது இங்கிருந்துதான். ஒருவர் விலகவேண்டும் என்னும் கட்டாயம் இப்போதுதான் பிறக்கிறது.

தாகூரின் 'சோக்கேர் பாலி' (1903) இன்னும் ஓரடி செல்கிறது. கைம்பெண் வினோதினியும் மகேந்திரனின் இளமனைவி ஆசாவும் தோழமை பூணுகையில் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளப் பெயரொன்று சூட்டிக்கொள்கின்றனர். கங்கை நீர், மகிழம்பூ என்றெல்லாம் இனிய பெயர்கள் வழக்கிலிருக்க, வினோதினி தேர்வது 'சோக்கேர் பாலி', கண்ணில் விழுந்த மணல். சதீன் என்னும் சொல்லுக்கு இடமில்லை. அவர்களிடையே மணவுறவு இல்லை. எனினும் சபத்தினி உறவின் உறுத்தல் முழுவதும் இவ்விளிப்பெயருக்குள் புகுந்துகொண்டது. 1914இல் வெளியான ஆங்கில ஆக்கம் 'கண்ணுறுத்தல்' என்னும் கருத்துடைய ஒற்றைச்சொல்லைத் தலைப்பாக்கியது. அச்சொல் ஆங்கிலத்தில் பார்வைக்கு அருவருப்பான பொருளையே குறிப்பது. சாகித்திய அக்காதெமிக்காக 1959இல் கிருஷ்ண கிருபளானி பெயர்த்தபோது நூல் 'வினோதினி' ஆயிற்று. முன்னது பொருளைத் தவறவிட்டது. பின்னது இருவர்க்கும் பொதுவாயிருந்த பெயரை விட்டு ஒருத்தியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது.

சட்டத்துக்குப் பின்

பம்பாய் மாநிலம் 1946இலும் சென்னை மாநிலம் 1949இலும் இந்து இருதார மணத்தைத் தடைசெய்தன. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் அதனை நாடு முழுமைக்கும் ஆக்கியது. சபத்தினி என்னும் உறவு அச்சட்டத்துக்கு உட்பட்டோரிடையே சட்டத்தின் முன் இல்லாதாயிற்று. சொல் மட்டும் சாகவில்லை. சௌதன் என்பது மணத்துக்குப் புறம்பானவளையும் சுட்டத் தொடங்கியது. தமிழில் சின்னவீடு என்னும் சொல் பரவிற்று. வரிசையை மறுத்த சட்டத்துக்குப் பிறகும் பெரியது சிறியது என்று வரிசையை மனையின் பெயராலேயே அது காக்கிறது.

யயாதி கதைக்கு இக்காலத்தில் மீண்டும் தேவை ஏற்பட்டது வியப்பன்று. வி. ஸ. காண்டேகரின் மராத்தி நாவல் 'யயாதி' 1959இலும், கிரிஷ் கார்னாடின் அப்பெயர்க் கன்னட நாடகம் 1961இலும் வெளிவந்தன. கார்னாட் தம் கவனத்தைப் புருவின் மனைவி சித்திரலேகையின்பால் திருப்பினார். மூவர் பூசலின் விலையை நான்காமவள் தற்கொலையால் செலுத்துகிறாள். காண்டேகர் செய்தது வேறு. யயாதி, தேவயானி, சர்மிஷ்டை ஆகிய மூவரையும் தன்மையிடத்தில் தாமே தம் கதையைச் சொல்லவைத்தார். கா. ஸ்ரீ. ஸ்ரீ.யின் தமிழாக்கங்களால் காண்டேகரை அறிந்த தமிழ் வாசகர்க்கு இவ்வுத்தி மருதத்திணைக் கூற்றுகளை நினைவூட்டக்கூடும்.

மூவரும் பேசும் நூலைப் பெயர்ப்பவர்க்குச் சொற்சிக்கல் இன்னும் கூடுகிறது. 'சவத்' என்று தேவயானி நினைக்கையில் அது வசை. சர்மிஷ்டை தன்னையே அச்சொல்லால் எண்ணுகையில் அது உரிமைக் கோரிக்கை. யயாதியின் வாயில் அது சலிப்பு. மராத்திக்கு ஒரு சொல் போதும், அது அரண்மனைக்கும் சேரிக்கும் பொதுவானது. தமிழாக்குபவர் சக்களத்தி, மாற்றாள், இளையாள் என மூன்றையும் பேசுபவர்க்கேற்பப் பங்கிட்டால் தொனி கிடைக்கும், ஆனால் மூவரும் ஒரே சொல்லைக்கொண்டு மோதுகின்றனர் என்பது மறையும். ஒன்றையே வைத்தால் மோதல் விளங்கும். அப்போது தேவயானியின் சொல்லையே சர்மிஷ்டை சூட வேண்டியிருக்கும். மூலத்தில் அவள் அதைச் சூடிக்கொண்டே வாழ்கிறாள் ஆதலின், ஓசை சற்றுக் கரடாயினும், சக்களத்தி என ஒரே சொல்லை மூவர் வாயிலும் நிறுத்துவதே தக்கது என்பது இக்கட்டுரையாளர் துணிபு.